கன்னடம் அறிந்த யானை

மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் ராணி பாக் தோட்டத்தை ஒருமுறையேனும் பார்த்திராத குடும்பம் அரிதாகவே இருக்கும். மாதுங்காவிலிருந்தோ, தாராவிக்கு அண்மையிலுள்ள சயானிலிருந்தோ ரயிலேறிப் பைகுல்லாவில் இறங்கி, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தயிர்சாதப் பாத்திரமுமாக நடந்து சென்ற ஞாயிற்றுக்கிழமைகள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். விக்டோரியா தோட்டம் என்ற பழைய பெயர் மறைந்து, வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யானம் என்று இன்று வழங்கும் அத்தோட்டத்திற்கு, 2016ஆம் ஆண்டில் தென்கொரியத் தலைநகராகிய சியோலிலிருந்து பென்குவின் பறவைகள் வந்து சேர்ந்தன. அதுமுதல் சிறுவர்கள் அவற்றை நோக்கியே ஓடுகின்றனர். அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிற்கும் கல்யானையை நின்று பார்ப்பவர் சிலரே.

அந்தக் கல்யானைக்கு ஒரு வரலாறு உண்டு. அது முதலில் நின்றது கடலுக்கு நடுவே கராபுரித் தீவில். போர்த்துக்கீசியர் அத்தீவுக்கு எலிஃபண்டா என்று பெயரிட்டதும் இந்த யானையைக் கண்டுதான். 1864ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முற்பட்டனர். பளுதூக்கியின் சங்கிலி அறுந்தது. யானை கீழே விழுந்து துண்டு துண்டாயிற்று. அத்துண்டுகள் விக்டோரியா தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டு, 1914ஆம் ஆண்டில் மீண்டும் ஒன்றாகப் பொருத்தி நிறுத்தப்பட்டன. கேளாமலே எடுத்துச் செல்லப்படவிருந்த யானை இது. கேட்டுப் பெற்ற யானையொன்றின் கதையையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

கேட்பதிலும் வகையுண்டு. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, 'பரிசு' என்ற சிறு சொல்லே சில வேளைகளில் பெருந்தொல்லையாகிவிடும். அன்பளிப்பு என்பதா, கொடை என்பதா, நன்கொடை என்பதா, சீர் என்பதா? ஒவ்வொன்றும் வேறொரு வீட்டு வாசலில் நிற்கிறது. கல்யாண வீட்டில் வைக்கும் மொய்யை யாரும் நன்கொடை என்பதில்லை. தொல்காப்பியர் இதனை இன்னும் நுட்பமாகக் கண்டவர். சொல்லதிகாரத்தில் அவர், ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். தன்னினும் உயர்ந்தவனிடம் இரப்பவன் 'ஈ' என்பான். ஒத்தவனிடம் கேட்பவன் 'தா' என்பான். தாழ்ந்தவனிடம் கேட்கும் உயர்ந்தவன் 'கொடு' என்பான். பொருள் ஒன்றே, ஆயினும் கேட்கிற சொல்லிலேயே இருவருடைய நிலையும் வெளிப்பட்டுவிடுகிறது. அரசுகள் ஒன்றுக்கொன்று விலங்குகளை வழங்கிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இம்மூன்று சொற்களுமே நம் நினைவுக்கு வருகின்றன.

யானையைப் பரிசாக வழங்குவது தமிழருக்குப் புதிதன்று. நாஞ்சில் வள்ளுவனிடம் ஔவையார் சிறிது அரிசி வேண்டினார். அவனோ யானையைக் கொடுத்துவிட்டான். கொடுப்பதிலும் ஓர் அளவில்லையா என்று அவர் நயமாக நொந்துகொண்டதைப் புறநானூறு காட்டுகிறது. அரிசிக்கே வழியில்லாத வீட்டில் யானைக்குத் தீனி எங்கிருந்து வரும்? பெருஞ்சித்திரனார் கதை வேறு. இளவெளிமான் சிறிதே கொடுத்தான் என்று சினந்து, அதனைக் கொள்ளாமல் குமணனிடம் சென்று யானை பெற்றுவந்து, இளவெளிமானுடைய காவல் மரத்திலேயே அதனைக் கட்டிவிட்டுப் போனார் அவர். பரிசு ஒருவரை மகிழ்விக்கவும் செய்யும், மற்றொருவரைத் தலைகுனியவும் செய்யும் என்பதைப் புலவர் அறிந்தே இருந்தார். பிறநாடுகளிலும் இதே கதைதான். சந்திரகுப்த மௌரியர் செலூக்கசோடு உடன்படிக்கை செய்தபோது 500 யானைகளை அளித்தார். பாக்தாதின் கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய யானை 802ஆம் ஆண்டில் சார்லமேன் மன்னரின் நகரை அடைந்தது. அவையெல்லாம் அரசர் அரசருக்கு அளித்தவை. நாம் கூறப்போகும் யானையை வேண்டியவர்கள் அரசர்கள் அல்லர்.

டோக்கியோ நகரில் உயேனோ என்னுமிடத்தில் 1882ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விலங்குக் காட்சிசாலை ஒன்று உண்டு. ஜப்பானில் அதுவே பழைமையானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஆகஸ்டில், அங்குள்ள கொடிய விலங்குகளைக் கொன்றுவிடுமாறு நகர ஆளுநர் ஆணையிட்டார். குண்டு வீச்சில் கூடுகள் உடைந்து விலங்குகள் தெருவில் பாய்ந்தால் என்னாவது என்பது கூறப்பட்ட காரணம். டோக்கியோவின்மேல் பெருங்குண்டு வீச்சுகள் தொடங்கியதோ 1944 நவம்பரில்தான். மக்களுக்குப் போரின் கடுமையை உணர்த்தவே ஆணை பிறந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

அப்போது அங்கே ஜான், டோங்கி, வான்லி என மூன்று யானைகள் இருந்தன. நஞ்சு வைத்த உருளைக்கிழங்கை அவை உண்ணவில்லை. ஊசி அவற்றின் தோலில் இறங்கவில்லை. ஆகவே உணவும் நீரும் நிறுத்தப்பட்டன. வித்தை காட்டினால் உணவு கிடைக்கும் என்று பழகியிருந்த அவை, பாகர்களைக் கண்டபோதெல்லாம் தள்ளாடியவாறு வித்தை காட்டின என்பர். செப்டம்பர் 4ஆம் நாள், கொல்லப்பட்ட விலங்குகளுக்காக நினைவு வழிபாடு நடைபெற்றது. அவ்வேளையில் இரண்டு யானைகள் இன்னும் உயிரோடிருந்தன. அவற்றை மறைத்துவைத்து வழிபாடு நடத்தினார்கள். டோங்கி கடைசியாக மாண்டது, செப்டம்பர் 23ஆம் நாள்.

போர் முடிந்தது. ஜப்பான் தோற்று, நேச நாட்டுப் படைகளின் ஆட்சியின்கீழ் வந்தது. சோற்றுக்கே தட்டுப்பாடான அக்காலத்திலும் உயேனோவுக்குக் குழந்தைகள் வந்தார்கள். வெறிச்சோடிய யானைக் கொட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நாடு முழுவதிலும் நகோயா நகரத்து ஹிகாஷியாமா காட்சிசாலையில் மட்டும் இரண்டு யானைகள் பிழைத்திருந்தன. டோக்கியோவில் டைட்டோ வட்டத்துச் சிறுவர் மன்றத்தார், அவற்றுள் ஒன்றைத் தங்களுக்கு இரவலாகத் தருமாறு வேண்டினர். இணைபிரியாத அவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்று நகோயாவிலிருந்து விடை வந்தது. யானை வர இயலாதெனில் குழந்தைகள் செல்லலாமே என்று 1949ஆம் ஆண்டில் தனி ரயில்களே விடப்பட்டன. 'யானை ரயில்' என்று அவை பெயர்பெற்றன.

அதன் பின்னரே சிறுவர்கள் இந்தியாவை நினைத்தார்கள். அவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களைக் கல்கத்தா வணிகர் ஒருவர் ஏந்திவந்து பிரதமர் ஜவாஹர்லால் நேருவிடம் சேர்ப்பித்தார். தோற்ற நாட்டின் குழந்தைகள் விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகளான நாட்டின் பிரதமரிடம் கேட்டது தொல்காப்பியரின் 'ஈ' என்னும் சொல்லா, 'தா' என்னும் சொல்லா? கேட்டவர்கள் குழந்தைகள், அவர்களுக்கு அந்த வேற்றுமை தெரிந்திராது. நேருவின் மறுமொழியில்தான் அதற்கு விடை கிடைக்கிறது. இந்த யானை தாம் அளிக்கும் பரிசன்று. இந்தியக் குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்கு அளிப்பது என்று அவர் எழுதினார். வல்லமையும் பொறுமையும் மென்மையும் ஒருங்கே கொண்ட யானையை இந்தியாவின் அடையாளமாகவும் அவர் குறித்தார். கொடுப்பவரைக் கேட்பவரோடு ஒரே நிரையில் அமர்த்திவிட்டதால், அந்தக் கடிதம் 'தா' என்பதற்கு எழுதிய விடையாகவே ஆகிவிட்டது. அந்நாளில் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் தூதுறவு ஏதும் இல்லை. இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது 1952 ஜூன் 9ஆம் நாளில்தான். தூதருக்கு மூன்றாண்டு முன்னதாகவே யானை போய்விட்டது.

அனுப்பப்பட்டது மைசூர் நாட்டுப் பெண்யானை. வயது 15. பிரதமர் அதற்குத் தம் மகளின் பெயரையே இட்டார்: இந்திரா. கல்கத்தாவிலிருந்து கப்பலேறி 1949 செப்டம்பர் இறுதியில் டோக்கியோ சேர்ந்தது. துறைமுகத்திலிருந்து காட்சிசாலை வரையிலும் இரவில் நகரத் தெருக்களில் நடந்தே சென்றது. அதே மாதத் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து ஹனாக்கோ என்ற குட்டியானை ஒன்றும் அங்கே வந்திருந்தது. ஆதலின் போருக்குப்பின் டோக்கியோ கண்ட முதல் யானை இந்திரா என்று சொல்லுவது பொருந்தாது. ஆயினும் வளர்ந்த யானையின் பெருந்தோற்றத்தை அந்நகரக் குழந்தைகள் கண்டது இந்திராவிடத்தில்தான்.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். இந்திராவுக்குக் கன்னடம் மட்டுமே தெரியும். நில், நட, உட்கார், காலைத் தூக்கு என்னும் ஏவல்களை அது மைசூர்ப் பாகர்களின் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்தது. ஜப்பானிய மொழியில் எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அது அசையாமல் நின்றது. இதனை எதிர்பார்த்தே இரண்டு இந்தியப் பாகர்கள் உடன் சென்றிருந்தனர். அவர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே தங்கி, ஜப்பானியப் பாகர்களுக்கு அந்தச் சொற்களையும், அவற்றைச் சொல்லும் குரலையும், காதின் பின்னே காலால் தொட்டு உணர்த்தும் முறையையும் கற்பித்தனர். யானை ஜப்பானிய மொழி கற்கும்வரை காத்திராமல் ஜப்பானியர் கன்னடம் கற்றனர்.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கவேண்டியிருக்கிறது. புதிதாக வந்தவன் வந்த இடத்தின் மொழியைக் கற்கவேண்டும் என்பதே உலக வழக்கு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்களும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாதுங்காவுக்கு வந்து அலுவலகங்களில் எழுத்தர்களாக அமர்ந்தவர்களும், பின்னர் செம்பூர்க் குடியிருப்புகளில் வீடு கொண்டவர்களும் மராத்தியும் இந்தியும் கற்றே பிழைத்தார்கள். நம் அன்னையார் இந்நகருக்கு வந்த புதிதில் கற்ற மராத்திச் சொற்கள் மூன்றோ நான்கோதான். அவை யாவும் காய்கறி விலை பற்றியவை. ஆனால் மாதுங்காச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். முருங்கைக்காயையும் வாழைப்பூவையும் அவற்றின் தமிழ்ப் பெயராலேயே சொல்லி விற்கும் மராத்திய அம்மையார்களை அங்கே காணலாம். யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்துக் கற்றார்கள். உயேனோவில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. விற்கவேண்டும் என்ற தேவை சந்தையில். யானை ஓரடி எடுத்துவைக்கவேண்டும் என்ற தேவை அங்கே.

1950ஆம் ஆண்டில் இந்திராவை ரயிலில் ஏற்றி, டோக்கியோ வரமுடியாத குழந்தைகள் காணும்பொருட்டு வடபுல நகரங்களுக்குக் கொண்டு சென்றனர். 1957 அக்டோபரில் நேரு ஜப்பான் சென்றபோது மகள் இந்திராவையும் அழைத்துக்கொண்டு உயேனோவுக்குப் போனார். ஒரே பெயருடைய இருவரும் அன்று எதிரெதிரே நின்றனர்.

டோக்கியோவிலிருந்து செய்தி பரவவே, பிற நாட்டுக் குழந்தைகளும் கேட்கத் தொடங்கினர். 1951ஆம் ஆண்டில் பெர்லினுக்குச் சாந்தி என்ற யானை சென்றது. 1954ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆர்ட்டிஸ் காட்சிசாலைக்குச் சென்ற குட்டியின் பெயர் முருகன். பனி பெய்யும் ஒல்லாந்தில் டச்சுக் குழந்தைகள் 'முருகன், முருகன்' என்று அழைத்ததை எண்ணும்போது நமக்கு முறுவல் தோன்றுகிறது. குன்றுதோறும் ஆடுபவன் ஒரு குன்றும் இல்லாத நாட்டில் போய்க் குடியிருந்தானே! முருகன் அங்கேயே 2003ஆம் ஆண்டில் இறந்தது. 1961ஆம் ஆண்டில் குடகுக் காட்டு யானை அம்பிகா, இந்தியக் குழந்தைகளின் பரிசாக வாஷிங்டன் சென்றது. இவற்றுக்கிடையே ஒரு கேலிக்கூத்தும் உண்டு. மும்பையை அந்நாளில் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஏர் இந்தியா நிறுவனத்துக்கு, ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடோர் டாலி சிகரெட் சாம்பல் கிண்ணம் ஒன்றை வரைந்து அளித்தார். கூலியாக அவர் கேட்டது யானைக் குட்டி. 1967ஆம் ஆண்டில் பெங்களூரிலிருந்து குட்டி ஒன்று அவருக்கு விமானத்தில் போயிற்று. இதனைத் தொல்காப்பியர் எந்தச் சொல்லில் அடக்கியிருப்பாரோ அறியோம்.

இந்திரா உயிரோடிருந்த காலத்திலேயே உயேனோவுக்கு வேறு பரிசும் வந்தது. 1972ஆம் ஆண்டில் ஜப்பானும் சீனாவும் தூதுறவு பூண்டபோது, சீன அரசு காங் காங், லான் லான் என்னும் இரண்டு பாண்டாக் கரடிகளை அனுப்பியது. அக்டோபர் இறுதியில் அவை வந்திறங்கின. அதே ஆண்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பீக்கிங் சென்று வந்தபின் வாஷிங்டனுக்கும் இரண்டு சென்றன. சீனர்க்கு இம்முறை புதிதன்று. 1941இல் சியாங் கை ஷேக்கின் மனைவியார் அமெரிக்காவுக்கும், 1957இல் மக்கள் சீன அரசு மாஸ்கோவுக்கும் பாண்டா அனுப்பியதுண்டு. கறுப்பும் வெள்ளையுமாக உருண்டு புரளும் அவ்விலங்கைக் காண டோக்கியோ மக்கள் கட்டுக்கடங்காமல் திரண்டனர். சில அடி தொலைவில் நாற்பதை நெருங்கிய இந்திரா நின்றுகொண்டிருந்தது. புதுமருமகள் வந்த வீட்டில் மூத்த மருமகளின் நிலை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1980களின் நடுப்பகுதியோடு சீனா பாண்டாவைப் பரிசாகத் தருவதை நிறுத்திவிட்டது. அதன்பின் அனுப்பியவை யாவும் இரவலே. இணை ஒன்றுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் வரை வாடகை. அந்நிய மண்ணில் பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே உரியது. உயேனோவில் 2017ஆம் ஆண்டில் பிறந்த சியாங் சியாங் என்னும் பாண்டா 2023 பிப்ரவரியில் சீனாவுக்கு அனுப்பப்பட்டது. வழியனுப்ப வந்த டோக்கியோ மக்கள் கண்ணீர் விட்டனர். அது பிறந்தது டோக்கியோவில், வளர்ந்ததும் டோக்கியோவில். ஏட்டில் மட்டும் அதன் ஊர் வேறு. செம்பூர் மருத்துவமனையில் பிறந்து, செம்பூர்ப் பள்ளியில் படித்து, 'சொந்த ஊர் எது?' என்று கேட்டால் தாத்தாவின் கிராமத்துப் பெயரைச் சொல்லும் பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

பரிசு, இரவல் என்ற இரண்டில் எது மேல்? வாடகைக் கணக்கு நமக்கு உவப்பாயில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவே வேண்டும். இரவலாகச் சென்ற விலங்கு என்றேனும் திரும்பி வரும். பரிசாகச் சென்றது திரும்புவதில்லை. இந்திரா திரும்பவில்லை. முருகன் திரும்பவில்லை. ஏறத்தாழ எட்டு வயதுவரை குடகுக் காட்டில் கூட்டத்தோடு திரிந்து, பிடிபட்டு, மரம் இழுத்து, பிறகு கடல் கடந்த அம்பிகா, 2020 மார்ச்சில் வாஷிங்டனிலேயே இறந்தது. அங்கே அது வாழ்ந்தது 59 ஆண்டுகள். யானை கூட்டமாக வாழும் விலங்கு. தாயும் பாட்டியும் சித்திமாருமாகக் குடும்பத்தோடு நடப்பது. குழந்தைகள் குழந்தைகளுக்கு அளித்த பரிசு என்று நாம் பெருமையோடு கூறும்போது, அந்த யானையை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். டோக்கியோக் குழந்தைகள் கேட்டது தவறென்று நாம் சொல்லமாட்டோம். பட்டினியால் மாண்ட மூன்று யானைகளின் வெற்றிடத்தைக் கண்டு கேட்டவர்கள் அவர்கள். எனினும் அந்த வெற்றிடத்தை நிரப்பும் விலையை, ஜப்பானையும் அறியாத, போரையும் அறியாத மைசூர் யானை ஒன்று தன் வாழ்நாளால் செலுத்தியது.

அழியும் தறுவாயிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்பாட்டில் 1976ஆம் ஆண்டு இந்தியா சேர்ந்தது. ஆசிய யானை அவ்வுடன்பாட்டின் முதற்பட்டியலில் உள்ளது. ஆகவே, நேருவின் காலத்தில்போலக் கடிதம் வந்த கையோடு யானையைக் கப்பலேற்றிவிடுவது இப்போது எளிதன்று.

இந்திரா 1983 ஆகஸ்ட் 11ஆம் நாள் உயேனோவில் இறந்தது. அப்போது அதற்கு வயது 49. அவற்றுள் 34 ஆண்டுகள் டோக்கியோவில் கழிந்தவை. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து ஆஷா, தயா என்னும் இரண்டு யானைகள் அதே காட்சிசாலைக்குச் சென்றன. இம்முறை ஒன்றுக்கு ஒன்று துணையாக.